வேதபாடம்: திரும்பி வந்தவர்களுக்கு ஏன் 'திரும்புங்கள்' என்றார்?

வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படியுங்கள். எஸ்றா 1 முதல் 3 வரை, நெகேமியா 5, 9 அதிகாரங்கள், சகரியா 1, 7 அதிகாரங்கள், சங்கீதம் 126. இவ்வளவும் இந்த மாதப் பகுதி. ஒரே நாளில் முடிக்க வேண்டாம்.

நம்ம கூட்டங்களில் "சிறையிருப்பு திரும்பிச்சு" என்று சொன்னாலே போதும், ஒரே துதி சத்தம்தான். அது சந்தோஷமான வார்த்தைதான், சந்தேகமில்லை. ஆனால் பல பேர் மனசுல ஒரு படம் பதிஞ்சு போயிருக்கு. பாபிலோனில் கஷ்டம், கோரேஸ் ராஜா கதவைத் திறந்தான், ஜனங்கள் சிரித்துக்கொண்டே எருசலேமுக்கு வந்தார்கள், அத்தோடு கதை முடிஞ்சது. வேதம் அப்படியா சொல்லுகிறது?

சகரியா முதலாம் அதிகாரத்தை எடுங்கள். முதல் வசனத்திலேயே தேதி இருக்கிறது. தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், எட்டாம் மாதம். நம்முடைய கணக்கில் கி.மு. 520. மூன்றாம் வசனத்தில் கர்த்தர் ஜனங்களிடம் கேட்கிற முதல் காரியம், அவர்கள் தம்மிடம் திரும்ப வேண்டும் என்பது. யாரிடம் கேட்கிறார்? பாபிலோனில் இருக்கிறவர்களிடமா? இல்லை. பாபிலோனிலிருந்து முதல் கூட்டம் வந்து அப்போது ஏறக்குறைய 18 வருஷம் ஆகிவிட்டது. வீடு கட்டி, பயிர் வைத்து, பிள்ளை பெற்று, எருசலேமைச் சுற்றிக் குடியிருக்கிறவர்களிடம் கேட்கிறார். வீட்டுக்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து "வீட்டுக்கு வாப்பா" என்று யாராவது கூப்பிடுவார்களா? கர்த்தர் கூப்பிடுகிறார். ஏன் என்பதுதான் நம்முடைய கேள்வி.

முதலில் வார்த்தையைப் பார்ப்போம். எபிரெய பாஷையில் இதற்கு 'ஷூப்' என்று ஒரு சின்ன வார்த்தை. வழியில் திரும்புவதும் அதுதான், ஊருக்குத் திரும்புவதும் அதுதான், மனந்திரும்புவதும் அதுதான். இங்கிலீஷில் இதற்கு இரண்டு மூன்று வார்த்தை தேட வேண்டியிருக்கிறது. தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை. டோல்கேட்டுல பஸ் திரும்புது என்கிறோம். துபாயிலிருந்து மகன் திரும்பிட்டான் என்கிறோம். குடிகாரன் மனந்திரும்பினான் என்கிறோம். எல்லாம் ஒரே வேர். உபாகமம் 30-ல் முதல் பத்து வசனங்களுக்குள் எபிரெயத்தில் இந்த வார்த்தை ஏழு தடவை வருகிறது. அங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஜனங்களுடைய இருதயம் திரும்புகிறது, பிறகுதான் கர்த்தர் அவர்களைத் தேசத்துக்குத் திருப்புகிறார். கால் பிறகு வருகிறது.

இன்னொரு இடம் யோபு 42:10. யோபின் சிறையிருப்பைக் கர்த்தர் மாற்றினார் என்று நம்முடைய வேதாகமத்தில் படிக்கிறோம். யோபு எந்த தேசத்துக்குச் சிறையாகப் போனான்? எங்கேயும் போகவில்லை. தன் சொந்த ஊரில், தன் சாம்பல்மேட்டில்தான் உட்கார்ந்திருந்தான். அப்படியானால் சொந்த ஊரில் இருந்துகொண்டே ஒருவன் சிறையிருப்பில் இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 597-ல் யோயாக்கீன் ராஜாவும் பிரபுக்களும் கொல்லரும் கொண்டுபோகப்பட்டார்கள். 586-ல் நகரமும் ஆலயமும் எரிந்தன. 539-ல் பெர்சியனாகிய கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். அடுத்த வருஷமே திரும்பிப்போக உத்தரவு கொடுத்தான். ஆலயம் முடிந்தது 515 வாக்கில். எஸ்றா வந்தது 458, நெகேமியா வந்தது 445. கோரேஸின் பெயரில் ஒரு களிமண் உருளை 1879-ல் பாபிலோனின் இடிபாடுகளில் கிடைத்தது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 2013 டிசம்பரில் மும்பைக்குக்கூட கொண்டுவந்து சில மாதம் காட்சிக்கு வைத்தார்கள். சிலர் பிரசங்கத்தில் அந்த உருளையில் எருசலேம் பெயர் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதியிருக்கவில்லை. பல தேசத்து ஜனங்களையும் அவரவர் இடத்துக்கு அனுப்பினதாகப் பொதுவாக எழுதியிருக்கிறது. அந்த ராஜாவின் வழக்கம் அப்படி என்பதற்கு அது சாட்சி. அவ்வளவு போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வந்த ஜனங்களைப் பார்ப்போம். எரேமியா 52:28-30-ல் மூன்று தடவையாகச் சிறைபிடித்துக்கொண்டு போனவர்களின் கணக்கு இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 4,600 பேர். 2 இராஜாக்கள் 24:14-ல் பத்தாயிரம் என்று பெரிய கணக்கு. எஸ்றா 2:64-ல் திரும்பி வந்தவர்களோ 42,360 பேர், வேலைக்காரர் இல்லாமல். எப்படி? பாபிலோனிலே பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதாவது 'திரும்பி' வந்தவர்களில் மிகுதியானவர்கள் அந்தத் தேசத்தை அதற்கு முன்னே கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது? தாத்தா சொன்ன கதைக்குத்தான் அவர்கள் திரும்பினார்கள்.

நம்ம ஹார்பர் கண்ட திரும்புதல்

இது புரிய நாம் தூரமாய்ப் போக வேண்டாம். எண்ணூரில் பர்மா நகர் இருக்கிறது. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் குடியேறின தெருக்கள் இருக்கின்றன. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜார். இந்தப் பெயர்களைத் தினமும் சொல்லுகிறோம், அதிலிருக்கிற கண்ணீரை யோசிக்கிறதில்லை.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சம் இந்தியர் இருந்தார்கள்; ரங்கூன் பட்டணத்தில் பாதிக்கு மேல் நம்ம தேசத்து ஜனம். வட்டிக்கடை வைத்த செட்டியாரும் உண்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவனும் உண்டு, வயலில் நெல் அறுத்தவனும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு விழுந்தது. 1942-ல் லட்சக்கணக்கானவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். யுத்தம் முடிந்து பலர் மறுபடி போனார்கள். பிறகு 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமை. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. ராத்திரி படுக்கும்போது பணக்காரன், காலையில் எழுந்திருக்கும்போது கையில் இருந்தது வெறும் காகிதம். அதற்குப் பிறகு சுமார் மூன்று லட்சம் பேர் பர்மாவை விட்டு வந்ததாகச் சொல்லுகிறார்கள். தமிழ் ஜனங்களை ஏற்றிவந்த கப்பல்கள் வந்து நின்றது நம்ம மெட்ராஸ் ஹார்பரில்.

சர்க்கார் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தது: 'தாயகம் திரும்பியோர்'. அதே 1964-ல், அக்டோபர் 30-ம் தேதி, சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து ஜனங்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்த அவர்களுக்கும் அதே பெயர்தான். ரெப்கோ பேங்க் தெரியுமல்லவா? 1969-ல் இவர்களுக்காகவே ஆரம்பித்த கூட்டுறவு பேங்க் அது. அந்தப் பெயரிலேயே 'தாயகம் திரும்பியோர்' என்ற அர்த்தம் ஒளிந்திருக்கிறது. போர்டை ஆயிரம் தடவை பார்த்திருப்போம், கவனித்திருக்க மாட்டோம்.

அங்கே இவர்களைக் 'கலா' என்று ஏளனமாகச் சொன்னார்கள். அந்நியன் என்று அர்த்தம். இங்கே வந்தார்கள், 'பர்மாக்காரன்' என்று பெயர். இரண்டு கரையிலும் பேர் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

ஒரு காரியம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். யூதா ஜனங்கள் சிறையானது அவர்கள் பாவத்தினால் என்று தீர்க்கதரிசிகள் சொல்லுகிறார்கள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் போன நம்ம ஜனங்கள் அப்படிப் போகவில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் போனார்கள், சிலரைக் கங்காணிகளும் மேஸ்திரிகளும் ஆசை காட்டி அழைத்துக்கொண்டு போனார்கள். ஆகையால் ஒப்புமையை அந்தப் பக்கம் இழுக்கக்கூடாது. திரும்பி வருதல் என்ற பாகத்துக்கு மட்டும் இது நமக்குக் கண்ணாடி.

இந்தக் கண்ணாடியோடு எஸ்றா 2-ஐ வாசியுங்கள். பெயர்ப் பட்டியல்தானே என்று தள்ளிவிட்டுப் போகிற அதிகாரம் அது. 59-ம் வசனத்தில் நில்லுங்கள். தெல்மெலாகு, தெல்அர்சா முதலிய ஊர்களிலிருந்து சிலர் வந்தார்கள். தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் காட்டிக்கொடுக்க அவர்களால் முடியவில்லை. 652 பேர். ஆசாரிய வம்சத்தாரிலும் சிலர் அட்டவணையில் பேரைத் தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. பாருங்கள், அந்தக் காலத்திலேயே பேப்பர் கேட்டிருக்கிறார்கள்! 'பிறந்த இடம் எது, சாதிச் சான்றிதழ் எங்கே, தாத்தா ஊர் எந்த ஜில்லா' என்று கேட்டால் கப்பலில் வந்தவன் என்ன காட்டுவான்? தாலுகா ஆபீஸ் நடை நடந்தவர்களுக்கு எஸ்றா 2 வெறும் பட்டியல் அல்ல. தெல்மெலாகு என்றால் உப்பு மேடு என்று அர்த்தம் சொல்லுகிறார்கள். அத்திப்பட்டு உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட குடியிருப்பாக இருந்திருக்கும் என்று விளங்கும். ஆனால் கவனியுங்கள். ஆசாரியராக வந்தவர்களைத்தான் ஊழியத்திலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த 652 பேரைப் பேப்பர் இல்லை என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறது.

வந்தவர்கள் வெறுங்கையாகவும் வரவில்லை. பாபிலோனையும் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். யாத்திராகமத்தில் மாதத்தின் பேர் ஆபீப். சாலொமோன் ஆலயம் கட்டினபோது சீப், பூல் என்று பேர். நெகேமியாவிலும் சகரியாவிலும் பாருங்கள், நிசான், எலூல், கிஸ்லே! எல்லாம் பாபிலோனிய மாதப் பெயர்கள். யூதர்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்லுகிறார்கள். எஸ்றாவின் புத்தகத்தில் 4:8-லிருந்து நீளமான ஒரு பகுதி எபிரெயமே இல்லை, அந்நாளில் அதிகாரிகள் எழுதின அரமேயிக். அவ்வளவு ஏன், முதல் கூட்டத்துக்குத் தலைவனாக வந்து ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட செருபாபேலின் பேருக்கே 'பாபிலோனின் வித்து' என்றுதான் அர்த்தம். கர்த்தர் அந்தப் பேரை மாற்றச் சொல்லவில்லை. நம்ம ஏரியாவில் சாயங்காலம் தள்ளுவண்டியில் அத்தோவும் மொய்ங்காவும் விற்கிறதே, அதைச் சாப்பிடாத வாலிபன் உண்டா? அதுவும் கப்பலில் வந்ததுதான்.

அழுகையும் ஆர்ப்பரிப்பும்

இப்போது எஸ்றா 3:10-13. ஆலயத்துக்கு அஸ்திபாரம் போடுகிறார்கள். ஆசாரியர் பூரிகைகளோடும், லேவியர் கைத்தாளங்களோடும் நிற்கிறார்கள். வாலிபர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். ஆனால் முதல் ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த கிழவர்கள் உரத்த சத்தமாய் அழுகிறார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு முன்னே, சிறுவர்களாய் இருந்தபோது, அது எரிகிறதைப் பார்த்தவர்கள். இரண்டு சத்தமும் கலந்து, எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று பகுத்தறிய முடியவில்லை, வெகுதூரம் கேட்டது.

இந்த இடத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்து போகும். ஏனென்றால் எஸ்றா அந்தக் கிழவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. "ஆராதனை நேரத்துல என்ன அழுகை, அவிசுவாசமா?" என்று ஒரு லேவியனும் அதட்டவில்லை. நாம் அதட்டிவிடுவோம். பிற்பாடு ஆகாய் 2:3-லும் கர்த்தர் தாமே அந்த முதியவர்களைத் தனியே கூப்பிட்டு, முந்தின மகிமையைக் கண்டவர்கள் உங்களில் யார், இது உங்கள் பார்வைக்கு ஒன்றுமில்லாததுபோல் தெரிகிறதல்லவா என்கிற விதமாய்க் கேட்கிறார். அவர்களுடைய துக்கத்தை அவர் முதலில் ஒப்புக்கொள்ளுகிறார், அப்புறம்தான் திடன் சொல்லுகிறார். திரும்பி வந்தவன் சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும் என்று வேதம் சட்டம் போடவில்லை.

ஆனால் எல்லாரும் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தானியேல் வரவில்லை. எஸ்தருடைய ஜனங்கள் சூசானிலும் மற்ற நாடுகளிலும் இருந்துவிட்டார்கள். பாபிலோனியப் பகுதியில் 'யூதாவின் ஊர்' என்றே பேர் வைத்திருந்த ஒரு கிராமத்தின் களிமண் பத்திரங்கள் நம் காலத்தில் கிடைத்து, 2014-ல் புத்தகமாக வெளிவந்திருக்கின்றன. கி.மு. 572 முதல் 477 வரை தேதி போட்டவை. கர்த்தருடைய நாமத்தைத் தங்கள் பேரில் சேர்த்து வைத்துக்கொண்ட யூதர்கள் அங்கே நிலம் உழுதார்கள், வரி கட்டினார்கள், கடன் கொடுத்து வாங்கினார்கள். கோரேஸ் கதவைத் திறந்து 60 வருஷம் ஆன பிறகும் அங்கேயே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எரேமியா 29-ல் அவர்களுக்குக் கடிதம் எழுதினதும் கர்த்தருடைய தீர்க்கதரிசிதான். பர்மாவிலும் இன்றைக்குத் தமிழர் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. வந்த இடத்தில் முகாம் வாழ்க்கையைத் தாங்க முடியாமல், மறுபடி பர்மாவுக்கே போகலாம் என்று 1960-களில் மணிப்பூர் எல்லை வரைக்கும் போனவர்கள். பர்மா சிப்பாய்கள் உள்ளே விடவில்லை. திரும்பவும் மெட்ராஸ் வர மனதில்லாமல் எல்லையிலேயே, மோரே என்கிற ஊரில் தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம்கூட இருக்கிறது. இரண்டு தேசத்துக்கும் நடுவில், ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுபோன திரும்புதல் அது.

எஸ்றா 10-ஐயும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது. திரும்பி வந்தவர்கள் அந்நிய ஜாதியான மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடத் தீர்மானித்த அதிகாரம். மழையில் நடுங்கிக்கொண்டு ஜனங்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. 15-ம் வசனத்தில் இரண்டு பேர் இந்தக் காரியத்துக்காக நிறுத்தப்பட்டார்கள் என்று நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பு சொல்லுகிறது. எபிரெயம் படித்தவர்களில் பலர், அவர்கள் இதற்கு எதிர்த்து நின்றார்கள் என்று வாசிக்கிறார்கள். பர்மியத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளைகள் நம்ம நடுவிலே உண்டு. அவர்கள் காதில் விழும்படி இந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள், அதே வேதத்தில் மோவாப் ஸ்திரீயான ரூத்தின் புத்தகமும், அந்நியரின் புத்திரருக்கு ஆலயத்தில் இடம் கொடுக்கிற ஏசாயா 56-ம் இருக்கிறதை மறந்துவிடக் கூடாது.

கேள்விக்கு வருவோம்

வந்து சேர்ந்தவர்களைப் பார்த்து 'திரும்புங்கள்' என்றது ஏன்? சகரியா 7-ஐத் திறவுங்கள். கி.மு. 518, கிஸ்லே மாதம். ஜனங்கள் ஒரு கேள்வியோடு ஆட்களை அனுப்புகிறார்கள். ஆலயம் எரிந்ததற்காக ஐந்தாம் மாதத்தில் இத்தனை வருஷம் உபவாசம் பண்ணி அழுது வந்தோமே, இனியும் அழ வேண்டுமா? நியாயமான கேள்விதானே? திரும்பி வந்தாச்சு, ஆலயமும் எழும்பிட்டிருக்கு, இன்னும் எதுக்கு அழுகை?

கர்த்தர் உபவாசத்தைப் பற்றி ஆமென்றும் அல்லவென்றும் உடனே சொல்லவில்லை. 9, 10 வசனங்களில் வேறே நாலு பேரைப் பற்றிப் பேசுகிறார். விதவை, திக்கற்ற பிள்ளை, பரதேசி, ஏழை. இவர்களை ஒடுக்காதிருங்கள், உண்மையாய் நியாயம் தீருங்கள் என்கிறார். பிரியமானவர்களே, இதுதான் பதில். உங்கள் பிதாக்கள் இதைச் செய்யாததினால்தான் தேசம் பாழாயிற்று என்று அதே அதிகாரம் முடிகிறது. பாபிலோனுக்குப் போகக் காரணமான காரியம் எருசலேமுக்குள்ளே மறுபடி முளைத்துவிட்டால், வந்து என்ன பிரயோஜனம்?

அது முளைத்தது. நெகேமியா 5-ஐ வாசியுங்கள். மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிற நேரம். எதிரிகள் வெளியே. ஆனால் கூக்குரல் வருவது உள்ளே இருந்து. ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூச்சலிடுகிறார்கள், அதுவும் தங்கள் சொந்த சகோதரர் மேல். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலம், திராட்சத்தோட்டம், வீடு எல்லாம் அடகில். ராஜாவின் வரி கட்டக் கடன். கடைசியில் குமாரத்திகளையே அடிமையாக விட்டுவிட்டார்கள். வட்டிக்குக் கொடுத்தவன் பெர்சியன் அல்ல, அவனும் சிறையிருப்பின் சந்ததிதான். அந்நியரிடம் விற்கப்பட்டவர்களைக் காசு கொடுத்து மீட்டு வந்தோமே, அவர்களை நீங்கள் மறுபடி விற்பீர்களோ என்கிற கருத்தில் நெகேமியா கேட்டபோது ஒருவனுக்கும் வாய் திறக்கவில்லை.

அவன் நிறுத்தச் சொன்ன வட்டி எவ்வளவு தெரியுமா? 11-ம் வசனத்தில் நூற்றுக்கு ஒன்று. மாசத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுகிறார்கள். நம்ம ஏரியாவில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ஸ்பீடு வட்டி என்று வாங்குகிறவர்களைக் கேட்டால் "ஒரு பைசா வட்டியா? அது தர்மமாச்சே!" என்று சிரிப்பார்கள். நெகேமியா அதையும் விடச் சொன்னான். தானும் தன் சகோதரரும் கடன் கொடுத்திருந்ததை 10-ம் வசனத்தில் அவனே ஒப்புக்கொள்ளுகிறான். அப்புறம் ஆசாரியர்களைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் ஆணையிட வைத்தான், தன் வஸ்திர மடியை உதறினான். நிலம் திரும்பியது, வீடு திரும்பியது. எபிரெயத்தில் இந்தத் திருப்பிக்கொடுத்தலுக்கும் வார்த்தை என்ன? அதே ஷூப்! அன்றைக்குத்தான் அந்த ஏழைக் குடும்பங்களுக்குச் சிறையிருப்பு திரும்பிற்று. கோரேஸ் உத்தரவு போட்ட நாளிலிருந்து கணக்கு வைத்தால் 90 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இதனால்தான் நெகேமியா 9:36-ல் அந்த ஜெபம் வருகிறது. பிதாக்களுக்குக் கொடுத்த தேசத்திலேயே நாங்கள் அடிமைகளாக இருக்கிறோம், இதன் வருமானம் எங்களை ஆளுகிற ராஜாக்களுக்குப் போகிறது என்று கர்த்தரிடம் முறையிடுகிறார்கள். மதில் 52 நாளில் முடிந்தது, பண்டிகை ஆசரித்தாயிற்று, அதற்கப்புறம் இந்த ஜெபம். "திரும்பி வந்துட்டோம்" என்ற சாட்சியும் "இன்னும் அடிமைதான்" என்ற சாட்சியும் ஒரே வாயில் இருக்கலாம். இரண்டும் உண்மை. சாம்பல்மேட்டில் உட்கார்ந்திருந்த யோபை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர் ஜனங்களுக்கு இதைப் பிரசங்கித்து விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப்போய், மீன் பாடு நின்றுபோனது. அதே மாதம் 26-ம் தேதி நள்ளிரவில் கடலுக்குள் போகிற குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம், பர்மா நகர் ஜனங்கள் மூச்சு முட்டிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தாத்தா ஒரு தேசத்தை விட்டு ஓடிவந்தார். பேரன் அந்தத் தாத்தாவுக்குக் கிடைத்த வீட்டை விட்டு ஓடினான்.

இப்போது சங்கீதம் 126. ஆறே வசனம். முதல் மூன்று வசனத்தில் கர்த்தர் சிறையிருப்பைத் திருப்பிவிட்டார், வாய் நகைப்பினால் நிறைந்தது, சொப்பனம் கண்டது போலிருந்தது. சரி. நாலாம் வசனத்தில் என்ன? எங்கள் சிறையிருப்பைத் திருப்பும் என்று மறுபடியும் ஒரு ஜெபம்! முடிந்துபோன காரியத்துக்கு யாராவது ஜெபிப்பார்களா? இதை நாம் எப்போதும் சேர்த்து வாசித்து, கவனிக்காமல் தாண்டிப் போகிறோம். முதல் பாதி எஸ்றா 1, இரண்டாம் பாதி நெகேமியா 5. தெற்கத்தி வெள்ளங்களைப் போல என்று ஒரு உவமை இருக்கிறதே, அது யூதாவுக்குத் தெற்கே இருக்கிற வறண்ட பூமியின் ஓடைகள். வருஷத்தில் பெரும்பாகம் வெறும் கல்லும் மணலும். மழை எங்கேயோ மலையில் பெய்யும், இங்கே திடீரென்று தண்ணீர் வந்து நிற்கும். நம்ம கொசஸ்தலை ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாய்ப் புரியும். கோடையில் மாடு மேய்கிற மணல், ஐப்பசி கார்த்திகையில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் தண்ணீர்.

கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களையும் இந்த நாலாம் வசனத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பேர் மாற்றினார்கள். 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிட்டது. அவர்கள் ஒருநாள் யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ போனால், அதுவும் எஸ்றா 2 மாதிரியான திரும்புதலாகத்தான் இருக்கும், கண்ணால் பார்க்காத ஊருக்கு. போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் எரேமியா 29 இருக்கிறது. எது நடந்தாலும், இன்றைக்கு அவர்களிடம் வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைக்கிற மேஸ்திரியோ வீட்டு ஓனரோ நம்ம சபையில் இருந்தால், சகரியா 7:10 அவருக்குத் தபாலில் வந்த கடிதம்.

அடுத்த மாதம் நெகேமியா 8-ம் அதிகாரத்தின் கூடாரப் பண்டிகையைப் பார்க்கலாம். அதற்குள் வீட்டுக்கூட்டங்களில் ஒரு காரியம் செய்யுங்கள். பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பல் ஏறி வந்த தாத்தா, ஆயா யாராவது உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கப்பல், எந்த மாதம், கூட வந்தவர்கள் யார், அங்கேயே விட்டுவிட்டு வந்தது யாரை. அழுதால் அழ விடுங்கள், எஸ்றா 3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, பேர் பேராக எழுதி, வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்றா 2 இருக்கிற பக்கத்திலேயே வையுங்கள்.